கொக்கிகளும் செருகுநிரல்களும்

ஓர் இணையத்தளத்தை இயக்கும் மென்பொருளில் கைவைக்காமல், அதனிடம் இல்லாத ஒரு திறனை வெளியிலிருந்து சேர்த்துக்கொடுக்கும் துணைநிரலே செருகுநிரல். வேர்ட்பிரஸ் பாவிப்பவர்கள் அதைப் பிளகின் என்கிறார்கள், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் அது நீட்சி, துரூப்பலில் தொகுதி. பொறிமுறை எங்கும் ஒன்றுதான். மைய மென்பொருளை எழுதுபவர், தம் நிரல் ஓடும் வழியில் ஆங்காங்கே சில நிறுத்தங்களை வைத்துவிடுகிறார். அந்த இடத்துக்கு வந்ததும் நிரல் சற்று நின்று, இங்கே வேலை செய்ய யாராவது பெயர் பதிந்திருக்கிறார்களா என்று ஒரு பட்டியலைப் பார்க்கும். பதிந்திருந்தால் அவர்களின் நிரலை ஓடவிட்டுத் தன் வழியே போகும். இந்த நிறுத்தங்களுக்குக் கொக்கிகள் என்று பெயர்.

கொக்கிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு நிகழ்வு நடந்ததை அறிவிப்பது: புதிய கட்டுரை வெளியாயிற்று, பாவனையாளர் ஒருவர் உள்நுழைந்தார் என்பன போல. மற்றது, ஒரு பொருளைக் கையில் கொடுத்து, திருத்தித் திருப்பித் தரச் சொல்வது. பக்கத்தின் வாசகம் உலாவிக்குப் போகுமுன் இந்த இரண்டாம் வகைக் கொக்கி ஒன்றைக் கடந்தே போகிறது. 'ஊர்காவற்துறை' என்று வரும் இடமெல்லாம் 'ஊர்காவற்றுறை' என்று மாற்று என மூன்று வரி எழுதி அதில் மாட்டிவிட்டால், தளத்திலுள்ள எல்லாப் பக்கங்களிலும் எழுத்துக்கூட்டு ஒரே சீராகிவிடும். தரவுத்தளத்தில் ஒரு எழுத்தும் மாறியிராது. செருகுநிரலை நிறுத்தினால் பழைய எழுத்துக்கூட்டு அப்படியே திரும்பி வரும்.

இந்த ஏற்பாடு இல்லாத காலத்தில், புதிய வசதி வேண்டுமென்றால் மைய நிரலின் இத்தனையாவது வரியைத் திறந்து இதை ஒட்டு என்று ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த பதிப்பு வந்து கோப்புகளை மாற்றியதும் ஒட்டியதெல்லாம் போய்விடும். பி2 என்ற பழைய மென்பொருளின் கிளையாக 2003 மே 27 அன்று வெளிவந்த வேர்ட்பிரஸ், அடுத்த ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட 1.2 ஆம் பதிப்பிலேயே செருகுநிரல் முறையைச் சேர்த்துக்கொண்டது. இன்று உலகின் இணையத்தளங்களில் பத்துக்கு நான்கு வேர்ட்பிரஸில் ஓடுவதற்கு இந்த ஒரு முடிவே பெரிய காரணம் என்று சொல்லலாம். அதன் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் ஏறத்தாழ 60,000 இலவசச் செருகுநிரல்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழில் ஒரு தளம் நடத்துபவர் எந்தச் செருகுநிரலைத் தேட வேண்டும் என்பது அதனாலேயே தனிக் கேள்வியாகிறது.

அக்கேள்வியை ஆராய, யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறைக்கு அயலிலுள்ள கரம்பொன்னை எடுத்துக்கொள்ளலாம். 1990களின் போரும் இடப்பெயர்வும் தீவகத்தவரை ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சுவிஸ், நோர்வே என்று சிதறவைத்த பிறகு, தீவகத்து ஊர்கள் பலவற்றுக்கு இணையத்தளங்கள் எழுந்தன. அவற்றின் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது: மரண அறிவித்தல், கோயில் கொடியேற்றப் படங்கள், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், ஊரின் வரலாறு, ஊர் பெற்ற பெரியோர். நடத்துபவர் வேலை முடிந்து வந்து இரவில் பதிவேற்றும் ஒருவர், சம்பளம் கிடையாது. அப்படி ஒரு தளம் கரம்பொன்னுக்கு அமைவதாகக் கொண்டால், அதற்கு உதவும் செருகுநிரல்கள் எவை, அவை உள்ளே என்ன செய்கின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

எழுத்துருவில் புதைந்த உரை

முதல் தேவை பழைய உரையை மீட்பது. ஈழத்துத் தமிழர் கணினியில் எழுதியவற்றில் பெரும்பகுதி ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில், குறிப்பாகப் பாமினியில் கிடக்கிறது. கோயில் மலர், நினைவு மலர், சங்க அறிக்கை எல்லாம் அதில்தான் தட்டப்பட்டன. பாமினி உரையில் தமிழ் எழுத்து எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளே சேமிக்கப்படுகின்றன. அவற்றின் மேல் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கிறது. 'கரம்பொன்' என்று தட்டினால் கோப்பினுள் இருப்பவை ஒன்பது குறிகள்: எஃப், யூ, கே, அரைப்புள்ளி, என், ஜி, எச், டி, மறுபடி அரைப்புள்ளி. பாமினி நிறுவாத கணினியில் திறந்தால் இந்த ஒன்பதும்தான் திரையில் தெரியும். கூகிளுக்குத் தெரிவதும் இதுவே. கரம்பொன் என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் அகப்படாது.

ஒருங்குறியில் அதே சொல் எட்டுக் குறிகள்: க, ர, ம, புள்ளி, ப, ஒகரக் குறி, ன, புள்ளி. எண்ணிக்கை மட்டுமல்ல, வரிசையும் வேறு. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ப, பிறகு கால் வருகிறது. ஒருங்குறியில் மெய் முதலில் வந்து, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அதைத் தொடர வேண்டும். எனவே மாற்றி ஒன்றை எழுதுபவர் எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டால் மட்டும் போதாது. கொம்பு, மெய், கால் என்ற மூன்று துண்டுகளை முதலில் தேடிச் சேர்த்துவிட்டு, அதன் பிறகே தனிக் கொம்புக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் பொன் 'பெ'யும் காலுமாக உடைந்துவிடும்.

இதைவிட நுட்பமான பொறி ஔகாரத்தில் இருக்கிறது. பாமினியில் ஔகாரச் சிறகும் 'ள'கரமும் ஒரே விசை. அதனால் கொம்பு, வ, ள என்று வரும் மூன்று குறிகள் 'வௌ' ஆகவும் இருக்கலாம், 'வெள' ஆகவும் இருக்கலாம். கவனமில்லாத மாற்றி கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கிவிடும். 'வெளியீடு' என்ற சொல்லின் முதலெழுத்து 'வௌ' ஆகி, பின்னால் ஓர் இகரக் குறி ஆதாரமின்றித் தொங்கும் பிழையை இணையத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் இன்றும் பார்க்கலாம். திருத்தம் எளிது: 'ள'வுக்கு அடுத்து ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது மெய், இல்லையென்றால் சிறகு. யேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் இணையத்தில் இலவசமாக வைத்த பொங்குதமிழ் மாற்றி, இத்தகைய வேலைகளுக்காகவே புலம்பெயர் தமிழரிடையே பேர்பெற்றது. அது செருகுநிரலன்று, தனிப் பக்கம். ஆனால் அதே தர்க்கத்தைத் தளத்தின் தொகுப்பானுக்குள் ஒரு பொத்தானாக வைத்துவிட்டால், பழைய மலர் ஒன்றை ஒட்டி அப்படியே வெளியிடலாம்.

மாற்றிய உரையும் ஒரு முறை கெடக்கூடும். 2007க்கு முந்திய வேர்ட்பிரஸ் பதிப்புகள் தரவுத்தள அட்டவணைகளை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் அமைத்தன. தமிழ் அதற்குள் போய், தடங்கலின்றி வெளியே வந்தும் காட்டியது. சேவையகம் மாறும் நாளில்தான் வினை. ஒருங்குறியின் வழமையான யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. முதற் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால், தலையில் சாய்கோடிட்ட ஏயும், வட்டத்துக்குள் ஆர் எழுதிய வணிகப் பதிவுக்குறியும் வரிசை வரிசையாக வரும். பழைய தமிழ்த் தளங்களில் இந்த இரட்டையைக் கண்டால் நோய் என்னவென்று உடனே சொல்லிவிடலாம். உரை அழியவில்லை, குறியாக்கத்தின் பெயரைத் திருத்தினால் மீளும். எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீளாது.

தேடினால் கிடைக்க வேண்டியது

வேர்ட்பிரஸின் உள்ளமைந்த தேடல் மிக எளிமையானது. பாவனையாளர் தந்த குறிகளின் தொடர் உரையில் எங்காவது அப்படியே வருகிறதா என்று மட்டும் பார்க்கும். ஆங்கிலத்துக்கு இது ஓரளவு போதும். தமிழுக்குப் போதாது என்பதை ஊரின் பெயரே காட்டிவிடும். 'கரம்பொன்' என்ற தேடலின் இறுதிக் குறி புள்ளி. 'கரம்பொன்னில்' என்று எழுதிய கட்டுரை கிடைக்கும், ஏனெனில் அதில் முதல் 'ன்' புள்ளியோடு இருக்கிறது. 'கரம்பொனில்' என்று எழுதியது கிடைக்காது. அங்கே ன-வுக்குப் பின் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. இரண்டு வடிவமும் வழக்கில் உள்ளவை. வாசகருக்கு ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமற்போவதன் காரணம் தெரிய வழியில்லை.

அடுத்து ஒகரம். ஒருங்குறி 'பொ'வை இரண்டு விதமாக எழுத இடந்தருகிறது: மெய்யுடன் ஒகரக் குறி ஒன்று, அல்லது மெய்யுடன் எகரக் குறியும் ஆகாரக் குறியும். திரையில் இரண்டும் ஒரே தோற்றம். தரம் இரண்டையும் சமமென்றே சொல்கிறது. ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய விசைப்பலகைகளும் அரைகுறை மாற்றிகளும் இரண்டாம் வடிவத்தை நிறையவே உண்டாக்கியிருக்கின்றன. மீடியாவிக்கி தன்னிடம் வரும் உரை எல்லாவற்றையும் சேமிக்குமுன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் தமிழ் விக்கிப்பீடியாவில் இந்தத் தொல்லை இல்லை. மற்றத் தளங்களில் சேமிக்கும் கொக்கியில் ஒரு வரி நிரல் அதே வேலையைச் செய்யும். தமிழ்த் தளமொன்றுக்குச் செய்யக்கூடிய உபகாரங்களில் செலவு குறைந்தது இதுதான்.

நல்ல தேடல் செருகுநிரல் இதற்கு மேலும் இரண்டு வேலை செய்யும். ஒன்று, உரையை முன்கூட்டியே படித்துச் சொல்லடைவு ஒன்று தயாரித்து வைப்பது. அடைவில் சேர்க்கும்போது வேற்றுமை உருபுகளைக் களைந்து அடிச்சொல்லைப் பதியலாம். ஸ்னோபோல் என்ற திறமூல அடிச்சொல் பிரிப்பான்களின் தொகுப்பில் இப்போது தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. புணர்ச்சி முழுவதையும் அது அவிழ்க்காது. 'ஊரிலிருந்து', 'ஊருக்கு' போன்றவற்றை நெருங்கச் சேர்த்துவிடும். இரண்டு, ஒரே பொருளின் பல பெயர்களை இணைப்பது. ஊர்காவற்றுறையைக் கைற்ஸ், கயிட்ஸ், ஊர்காவற்துறை என்றும் எழுதுகிறார்கள். 1913 ஓகஸ்ட் 2 அன்று கரம்பொன்னில் பிறந்து, 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமான சேவியர் தனிநாயகம், ஒரு கட்டுரையில் தனிநாயக அடிகள், இன்னொன்றில் தனிநாயகம் அடிகளார், மூன்றாவதில் வெறும் அடிகளார். ஒத்தசொல் பட்டியலைத் தளத்துக்காரர் தாமே எழுதவேண்டும். எந்த ஆங்கிலச் செருகுநிரலும் அதைத் தந்துதவாது. மீடியாவிக்கியில் இதற்கு வழிமாற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. எளிய ஏற்பாடு, ஆனால் நன்றாக உழைக்கிறது.

200 எழுத்துக்குள் ஒரு முகவரி

கட்டுரைத் தலைப்பிலிருந்து பக்கத்தின் முகவரியை வேர்ட்பிரஸ் தானாகவே செய்துகொள்ளும். முகவரியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளுமே செல்லும் என்ற பழைய விதியால், தமிழ்க் குறியின் ஒவ்வொரு பைட்டும் ஒரு நூற்றுவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக எழுதப்படுகிறது. ஒரு குறிக்கு மூன்று பைட்டு, ஆக ஒன்பது எழுத்து. 'கரம்பொன்' என்ற ஐந்தெழுத்து ஊர்ப்பெயர், எட்டுக் குறியாகி, முகவரியில் 72 எழுத்தாக நீள்கிறது. தரவுத்தளத்தில் இதற்கென்று ஒதுக்கிய இடமோ 200 எழுத்து.

ஊரின் பாடசாலையைத் தலைப்பாக வைத்துக் கணக்குப் போட்டால் விளைவு தெரியும். 'கரம்பொன் சண்முகநாதன் மகா வித்தியாலயம்': கரம்பொன் எட்டுக் குறி, சண்முகநாதன் பதினொன்று, மகா மூன்று. கூட்டினால் 22, ஒன்பதால் பெருக்க 198, இடையில் இரண்டு இணைப்புக்கோடு சேர்ந்து சரியாக 200. வித்தியாலயத்துக்கு இடமில்லை. அதே பாடசாலையைப் பற்றி எழுதும் அடுத்த கட்டுரையும் இதே இடத்தில் வெட்டுப்பட்டு, கடைசியில் ஓர் எண் ஒட்டப்பெறும். வட்ஸ்அப்பில் பகிரும்போது இந்த நூற்றுவீதக் குறிகளின் சரம் திரையின் பாதியை அடைத்து நிற்கும். சிலவேளை நடுவில் உடைந்து, அழுத்தினால் எங்கும் போகாது. முகவரியை மட்டும் ஆங்கில எழுத்துக்கு ஒலிபெயர்க்கும் செருகுநிரல்கள் உண்டு. அவை 'ழ'வையும் 'ற'வையும் படுத்தும் பாடு சிரிப்புக்கிடமானது. கட்டுரைக்கு ஒரு சிறிய முகவரியைக் கையாலே எழுதுவது மேல். செருகுநிரல் தேவைப்படாத இடம் இது.

பாரமும் வேகமும்

வேர்ட்பிரஸ் பக்கம் ஒன்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. தலைப்பு, உரை, பக்கப்பட்டியல், படங்களின் விவரம் எல்லாவற்றுக்கும் தரவுத்தளத்தை நிரல் தனித்தனியே கேட்கும். நாளுக்குப் பத்துப் பேர் வரும் தளத்தில் இது ஒரு பொருட்டல்ல. ஊரில் பலருக்கும் தெரிந்த ஒருவரின் மரண அறிவித்தல் போடப்பட்ட இரவில், மூன்று கண்டங்களிலிருந்து ஒரே மணித்தியாலத்தில் வந்து குவிவார்கள். மலிவான பகிர்வுச் சேவையகம் படுத்துவிடும். தேக்ககச் செருகுநிரல் முதல் வருகையாளருக்குக் கட்டிய பக்கத்தை ஒரு கோப்பாக எழுதிவைத்து, அடுத்தவர்களுக்கு அதையே கொடுக்கும். நிரலும் ஓடாது, தரவுத்தளமும் விழிக்காது. 2007 முதல் இருந்துவரும் டபிள்யூபி சூப்பர் கேஷ் இவ்வகையில் பெயர்போனது. கட்டுரை திருத்தப்பட்டதும் பழைய கோப்பை அழிப்பதற்கு நிகழ்வுக் கொக்கியை அது பயன்படுத்துகிறது. அந்த அழிப்பு ஒழுங்காக நடக்காவிட்டால், திருத்திய இறுதிக்கிரியை நேரம் ஆசிரியருக்கு மட்டும் தெரிந்து மற்றவர்கள் பழைய நேரத்தையே வாசித்துக்கொண்டிருப்பார்கள். தேக்ககத்தை நிறுவியவர் பார்க்கவேண்டிய முதல் சோதனை இதுதான்.

அதே செருகுநிரல்கள் பக்கத்தைச் சுருக்கியும் அனுப்பும். ஒரு குறிக்கு மூன்று பைட்டு என்பதால் தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைவிடப் பாரமானது என்ற குறை பழையது. சுருக்கத்தில் அது பெருமளவு மறைந்துவிடுகிறது: மூன்றில் முதற் பைட்டு எப்போதும் ஒன்றே, இரண்டாவது பெரும்பாலும் ஊகிக்கத்தக்கது. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதே அந்த வழிமுறையின் வேலை. தீவுக்குள் கைபேசித் தரவில் வாசிப்பவரின் பணத்தை உண்மையில் தின்பவை படங்கள். தேர்த்திருவிழா அன்று கைபேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் சில மெகாபைட்டு. நாற்பது படத்தை அப்படியே ஏற்றிய பக்கத்தைத் திறக்க ஊரில் யாருக்கும் பொறுமை இராது. பதிவேற்றும் கொக்கியில் படத்தின் அகலத்தைக் குறைத்து மறுசுருக்கம் செய்யும் செருகுநிரல் ஒன்று, மற்ற அலங்காரச் செருகுநிரல்கள் பத்துக்குச் சமம்.

கண்ணில் படும்வரை படத்தைத் தருவிக்காமல் ஒத்திவைக்கும் வசதியும் பல ஆண்டுகள் செருகுநிரலாகவே இருந்தது. 2020 ஓகஸ்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.5 அதை மையத்திலேயே சேர்த்துக்கொண்டது. தேடுபொறிகளுக்கான தள வரைபடமும் அதே பதிப்பில் உள்ளே வந்தது. நல்ல செருகுநிரலுக்கு நேரும் இயல்பான முடிவு இது. மையம் அதை விழுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் பழைய செருகுநிரலை வைத்திருப்பவர், ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுத்து இடைஞ்சல் படுகிறார். ஆண்டுக்கொரு முறை பட்டியலைத் திறந்து, எது இன்னும் வேண்டும் என்று பார்ப்பது நல்லது.

வெளியார் நிரல்

சேவையகத்தில் நிறுவாமல், பக்கத்தில் ஒரு வரி ஒட்டி உலாவியில் ஓடவிடும் துணைநிரல்கள் வேறு வகை. எண்ணிக்கைகாட்டி, முகநூல் பெட்டி, வானிலைக் கட்டம் எல்லாம் இதில் அடங்கும். தமிழில் இவ்வகையின் செல்வாக்கான உதாரணம், காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியின் கருவிப்பட்டை. பதிவர்கள் அதைத் தம் வார்ப்புருவில் ஒட்டிக்கொண்டார்கள். இடுகையை ஒரே சொடுக்கில் திரட்டிக்கு அனுப்பவும், வாசகர் வாக்களிக்கவும் அது உதவியது. சிதறிக் கிடந்த தமிழ் எழுத்தை ஒரு முற்றத்துக்குக் கூட்டிவந்ததில் அந்தச் சிறு பட்டைக்குப் பங்குண்டு. இத்தகைய நிரல்களின் பலவீனமும் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. உலாவி பக்கத்தை வரையும்போது வெளித்தளத்து நிரல் ஒன்றைக் கண்டால், பின்போடும்படி எழுதியிராவிட்டால், அது வந்து சேரும்வரை காத்து நிற்கும். அந்த வெளித்தளம் தூங்கினால் நம் பக்கமும் வெறுமையாக நிற்கும்; அது நிரந்தரமாக மூடப்பட்டால் ஒட்டிய ஒவ்வொரு தளத்திலும் ஒரு ஓட்டை விழும்.

உலாவிக்குள்ளே நிறுவும் செருகுநிரல்களின் கதியும் ஏறத்தாழ இதேதான். ஊர்த்தளங்களின் முகப்பில் பக்திப்பாடல் ஒலிக்கவும் படங்கள் மாறி மாறி வரவும் ஃபிளாஷ் பயன்பட்டது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி அதன் ஆதரவை நிறுத்தியதோடு அந்த முகப்புகள் சாம்பல் கட்டங்களாயின. ஃபயர்ஃபொக்ஸுக்குள் தமிழில் தட்டப் பலர் வைத்திருந்த தமிழ்விசை போன்ற பழைய நீட்சிகளின் அடித்தளத்தை, 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபொக்ஸ் 57 கைவிட்டது.

தட்டச்சு வசதியைத் தளத்துக்குள்ளேயே வைத்ததில் விக்கிப்பீடியாவின் வழி நிலைத்தது. மலையாள விக்கிப்பீடியர் ஒருவர் எழுதிய நாராயம் என்ற நீட்சி, 2011 அளவில் இந்திய மொழி விக்கிகளில் இயங்கத் தொடங்கியது. விசைப்பலகை எதையும் நிறுவாத ஒருவர், தேடற்பெட்டியிலேயே ஒலிபெயர்ப்பு முறையிலோ தமிழ்99 முறையிலோ எழுத அது வழிசெய்தது. 2013இல் அனைத்து மொழித்தெரிவி என்ற பெரிய நீட்சி அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. ரொறன்ரோவில் அலுவலகக் கணினியில் இருந்துகொண்டு தமிழில் ஒரு வரி எழுத விரும்புபவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆவணத்துக்கு உதவும் நீட்சிகள்

ஊர் வரலாறு என்று வரும்போது செய்தித்தளத்தின் அமைப்பு போதாது. வகைப்படுத்திய ஆவணகம் வேண்டும். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இதற்கு மீடியாவிக்கியைத் தேர்ந்தது. கலைக்களஞ்சியத்துக்கென்று எழுதிய மென்பொருளை நூற்பட்டியலுக்குப் பயன்படுத்துவது வளைத்துப் பிடிக்கும் வேலைதான். அதை இயலச்செய்பவை வார்ப்புருக்கள்: ஆசிரியர், மொழி, பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்ற பெட்டி ஒவ்வொரு நூற்பக்கத்திலும் ஒரே சீராக வருகிறது. ஆளுமைகளுக்கும் நிறுவனங்களுக்கும் தனிப் பக்க வகைகள் உண்டு. அங்கே பிறந்த ஊரும் ஒரு கட்டம். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த வரியையே மறைத்துவிடு என்று வார்ப்புருவுக்குச் சொல்லும் தர்க்கம் மீடியாவிக்கியின் மையத்தில் இல்லை. அது ஒரு நீட்சியின் தயவு. விக்கிப்பீடியா வாசகர் ஒவ்வொருவரும் காணும் அடிக்குறிப்பு எண்கூட நீட்சி ஒன்றின் வேலை என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

படம், ஒலி, காணொளி போன்றவற்றுக்கு, அத்திட்டத்தை நடத்தும் நூலக நிறுவனம் ஆவணகம் என்ற தனித்தளத்தை ஐலண்டோரா மென்பொருளில் நடத்துகிறது. ஐலண்டோரா பிறந்ததும் ஒரு தீவில்தான்: கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் பல்கலைக்கழக நூலகம் அதை 2006இல் தொடங்கியது. துரூப்பலின் மேல் ஏறி நிற்கும் தொகுதிகளின் கூட்டம் அது. புத்தகத்துக்கு ஒரு தொகுதி, ஒலிப்பதிவுக்கு ஒன்று, ஒளிப்படத்துக்கு ஒன்று. ஒளிப்படத்தை ஏற்றினால் மூலக் கோப்பைத் தொடாமல் காப்பில் வைத்து, பார்ப்பதற்கான சிறு படிகளைத் தானே செய்துகொள்ளும். ஓர் ஊர்ச்சங்கம் இதைத் தானே நிறுவி நடத்துவது வீண்முயற்சி. தன் தளத்தில் படத்தின் சிறு படியை வைத்துக்கொண்டு, மூலத்தை இத்தகைய ஆவணகமொன்றிடம் ஒப்படைத்து இணைப்புக் கொடுப்பதே நடைமுறைக்கு உகந்தது.

யாருடைய நிரல் என்ற கேள்வி

வேர்ட்பிரஸில் செருகுநிரலுக்கும் மையத்துக்கும் இடையே வேலி கிடையாது. நிறுவிய கணத்திலிருந்து அதற்குத் தரவுத்தளம், கோப்புகள், கடவுச்சொற் பதிவுகள் எல்லாம் திறந்திருக்கும். வேகத்துக்கும் எளிமைக்குமாகக் கொடுத்த விலை இது. 2011 ஓகஸ்டில், படங்களைச் சிறிதாக்கும் டிம்தம்ப் என்ற சிறு நிரலின் ஓட்டை அம்பலமானது. வெளித்தளப் படத்தைத் தருவிக்கும்போது அந்தத் தளத்தின் பெயரை அது அரைகுறையாகச் சோதித்தது. நம்பிய தளமொன்றின் பெயரைத் தன் முகவரியில் எங்காவது செருகிய எவரும் படத்துக்குப் பதில் நிரலை ஏற்றிவிடலாம். பல வடிவமைப்புகள் அதைத் தமக்குள் சேர்த்து விற்றிருந்ததால், தம் தளத்தில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

2017இன் டிஸ்பிளே விட்ஜெட்ஸ் கதை வேறு மாதிரி. ஏறத்தாழ 200,000 தளங்களில் நிறுவியிருந்த அந்தச் செருகுநிரலை, எழுதியவர் வேறொருவருக்கு விற்றார். வாங்கியவர் அடுத்த பதிப்பில், தளத்தின் பக்கங்களில் விளம்பர உரையைச் சத்தமில்லாமல் சேர்க்கும் நிரலை நுழைத்தார். உள்நுழைந்த பாவனையாளருக்கு அது காட்டப்படவில்லை. ஆகவே தளத்துக்காரர் கண்ணில் படவே இல்லை. களஞ்சியம் அதை நீக்கியது, திரும்ப வந்தது, மறுபடி நீக்கியது. ஒரு செருகுநிரலைத் தெரிவுசெய்கையில் அது என்ன செய்கிறது என்பதற்குச் சமமான கேள்வி, அதை இப்போது யார் வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பது. படிவங்களில் வந்து விழும் எரிதங்களை மறிப்பதற்கு 2005இல் வந்த அகிஸ்மெட் போன்றவை இன்றும் நிற்பதன் காரணம், பின்னால் ஒரு நிறுவனம் தொடர்ந்து இருப்பதே.

எல்லாவற்றிலும் கட்டாயமானது காப்புநகல். தரவுத்தளத்தையும் படக்கோப்புகளையும் குறித்த நாளில் பொதிந்து, சேவையகத்துக்கு வெளியே ஓரிடத்துக்கு அனுப்பும் செருகுநிரல் இலவசமாகவே கிடைக்கிறது. நகல் அதே சேவையகத்தில் கிடந்தால் அது நகலல்ல. ஊர்த்தளங்கள் அழிவது பெரும்பாலும் தாக்குதலால் அல்ல. பெயர்ப்பதிவைப் புதுப்பிக்கும் அட்டை காலாவதியாகிறது, நடத்தியவர் இறந்துபோகிறார், கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாது. எனவே நகல் போய்ச்சேரும் கணக்கு இருவர் கையிலாவது இருக்கவேண்டும். எடுத்த நகலை வேறொரு கணினியில் ஒருமுறை விரித்துப் பார்த்து, தமிழ் தமிழாகவே வருகிறதா என்று சோதிக்கவும் வேண்டும். சாய்கோடிட்ட ஏ முகம் காட்டினால் திருத்த இன்னும் அவகாசம் இருக்கும்.

செருகுநிரலை நீக்கும்போது என்ன மிஞ்சுகிறது என்பதை நிறுவுமுன்னரே பார்க்கலாம். 2008இல் வந்த குறுங்குறி முறையால், படத்தொகுப்பு வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் ஒரு கட்டளையை எழுதினால் போதும், செருகுநிரல் அதைப் படங்களாக விரிக்கும். செருகுநிரலை எடுத்துவிட்டால் பக்கமெங்கும் அந்த அடைப்புகள் உரையோடு உரையாகக் கிடக்கும். பக்க வடிவமைப்புக்கென்று வரும் பெரிய செருகுநிரல்கள் சில, கட்டுரை முழுவதையும் இத்தகைய அடைப்புகளுக்குள் பூட்டிவைக்கின்றன. அவற்றிலிருந்து வெளியேறுவது புதுத்தளம் கட்டுவதைவிடக் கடினம். உரையைச் சாதாரண உரையாகவும், படத்தைச் சாதாரணக் கோப்பாகவும் விட்டுவைத்து, காட்டும் நேரத்தில் மட்டும் வேலை செய்பவையே பாதுகாப்பானவை. நூலகம் திட்டத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. வருடிய கோப்பு அந்த எண்ணையே பெயராகக் கொண்டு, நூறு நூறாகப் பிரித்த அடைவுகளில் இருக்கிறது. 372 என்ற எண்ணுடையது நான்காவது அடைவில். விக்கியில் எந்த நீட்சி நின்றாலும் போனாலும் அந்தக் கோப்பைத் திறக்க அந்த எண் போதும்.